மூண்டு மணிக்கு நிண்டுபோற லைன்

எருக்கலம்பிட்டி வீதி,
மன்னார்.
06.09.2025

அன்பு மகள் டினோஜாவுக்கு,

அம்மா மோசம்போன அண்டைக்குப் பின்னேரம் மூண்டு இருபத்தாறுக்குத்தான் செய்தி எனக்கு வந்தது. அந்த நேரத்தை முதல்ல எழுதிவைக்கிறன், ஏனெண்டா இந்தக் கடிதத்தில நேரங்கள்தான் கூட வரும். நான் சுகமாயிருக்கிறன் எண்டு எழுதித்தான் கடிதம் தொடங்க வேணும், நான் சாப்பிடுறன், வேலைக்குப் போறன், உடுப்புத் தோய்க்கிறன், அவ்வளவுக்குச் சுகம். நீ சுகமாயிருக்க வேணும் எண்டு மட்டும் மாதாவிட்டக் கேக்கிறன், எனக்கெண்டு எதையும் கேக்க வாய் வருகுதில்லை. ஜப்பானில இன்னும் வெக்கை குறையேல்ல எண்டு போன கிழமை சொன்னனி, தண்ணி கூடக் குடி. ஒவ்வொரு நாளும் போனில கதைக்கிற அப்பா ஏன் இப்ப தாளில எழுதுறார் எண்டு நீ யோசிப்பாய். போனில சொல்லப் பாத்தனான், ஏலாமல் போச்சுது.

அம்மா கோவத்திலயா என்ர கோலைக் கட் பண்ணினவ எண்டு நீ என்னட்ட மூண்டு தரம் கேட்டனி. மோசம்போன அண்டைக்கே கேட்டனி, அடக்கம் முடிஞ்ச கிழமை கேட்டனி, பிறகு முப்பத்தோராம் நாள் பூசைக்கு அடுத்த நாள், போன வியாழன், கேட்டனி. மூண்டு தரமும் தெரியேல்ல பிள்ளை எண்டுதான் சொன்னனான். முதல் தரம் எனக்கு உண்மையிலேயே தெரியாது. மற்ற ரெண்டு தரமும் நான் சொன்னது பொய். அம்மா கட் பண்ணேல்ல. இதை முதல்லயே எழுதிப்போட்டன், இனி நீ மிச்சத்தை ஆறுதலா வாசி.

அண்டைக்கு நான் அடம்பனில தங்கையா எண்டொரு ஐயாவின்ர வீட்டுக் கூரையில நிண்டனான், அந்த ஆளுக்கு இன்ரநெற் லைன் விட்டு விட்டு வருகுதெண்டு ரெண்டு கிழமையா முறைப்பாடு, வெளியில பூட்டின அன்ரனா காத்துக்குத் திரும்பிப்போய் நிண்டது, அதை நேராக்கிக்கொண்டிருக்கேக்கதான் பக்கத்து வீட்டு நவ்ஷாத் எடுத்தவன். அண்ணை, அக்கா வாசல் படலையடியில விழுந்து கிடந்தவ, றம்லா கண்டு கத்தினவ, நான் என்ர ஓட்டோவில ஆசுப்பத்திரிக்குக் கொண்டந்திட்டன், கெதியா வாங்கோ எண்டான். என்ன கதைக்கிறா எண்டு கேட்டன். கெதியா வாங்கோ அண்ணை எண்டு திரும்பவும் அதையேதான் சொன்னவன். அதில எனக்கு விளங்கீட்டுது. விளங்கின பிறகு நான் என்ன செய்தனான் தெரியுமோ, ஏணியால இறங்கி, தங்கையா ஐயாவின்ர போனை வாங்கி லைன் சரியா வருகுதோ எண்டு பாத்து, வேலை முடிஞ்சதெண்டு துண்டில கையெழுத்தும் வாங்கிக்கொண்டுதான் மோட்டச்சைக்கிளில ஏறினனான். அந்த ஐயா தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம் தம்பி எண்டு கேட்டவர், வேண்டாம், மனிசி மோசம் போட்டா எண்டு சாதாரணமாச் சொன்னனான். அந்த மனுசன் பயந்துபோய்க் கதிரையில இருந்திட்டார். பாலத்தில வரேக்க ரெண்டு பக்கமும் தண்ணி வத்திக் கிடந்தது, அதைப் பாத்துக்கொண்டே வந்தன், வேற ஒரு நினைப்பும் இல்லை.

இனி எங்கட வீட்டு லைனைப் பற்றிச் சொல்ல வேணும், அதுக்குள்ளதான் எல்லாம் கிடக்கு. எங்கட வீட்டுக்குள்ள சிம் சிக்னல் ஒரு கோடுகூட வராது எண்டு உனக்குத் தெரியும், படலையடிக்குப் போனால்தான் கோல் எடுக்கலாம், சிலநேரம் அங்கயும் இந்தியாவின்ர ரவர்தான் பிடிச்சு நல்வரவு எண்டு மெசேச் வரும். வீட்டுக்குள்ள வைஃபை ஒண்டுதான் வழி. நீ போன கார்த்திகையில அங்க போன பிறகு அம்மாவுக்கு அந்த ரவுட்டர் உன்னைப் பாக்கிற யன்னலாப் போச்சுது. அப்ப பாத்து அது மக்கர் பண்ணத் தொடங்கினது. நல்லா ஓடும், திடீரெண்டு நிக்கும், தானா வரும். அம்மா அதை என்ர கண்ணுக்கு முன்னால எங்கயெல்லாம் வைச்சுப் பாத்தவ. அறைக்குள்ள இரும்பு அலுமாரிக்கு மேல வைச்சவ, இரும்புக்குப் பக்கத்தில வைச்சா வீச்சுக் குறையும் எண்டு சொன்னன். எடுத்துக்கொண்டுபோய்ச் சுரூபத் தட்டில மாதாவுக்குப் பக்கத்தில வைச்சவ, அதோட நிக்காமல் உப்புக்காத்து படும் எண்டு அதுக்குமேல லேஸ் துணி ஒண்டையும் போட்டு மூடினவ. இது சூடேறிச் செத்துப்போம், துணியை எடும் எண்டு சொன்னதுக்கு, மாதாவுக்கு வேர்க்கேல்ல, உங்கட பெட்டிக்கு மட்டும் வேர்க்குதோ எண்டு கேட்டவ. அந்தப் பகிடிக்கு நானும் சிரிச்சன். சிரிச்சுப்போட்டு வேலைக்குப் போட்டன். அதுதான் என்ர பிழையின்ர தொடக்கம்.

அடம்பன், பெரியமடு, தலைமன்னார் எண்டு எல்லாற்ற வீட்டிலயும் நான் வயரைக் கழட்டி, அடப்டரை அளந்து, செனலை மாத்தி, எங்க பிழை எண்டு கண்டுபிடிச்சு வாறனான். எங்கட வீட்டில ஒருநாள் கூட மீற்றரை வெளியில எடுக்கேல்ல. ஓஃப் பண்ணி ஓன் பண்ணிப் பாரும் எண்டு சொல்லுவன், அவ்வளவுதான். சுவிச்சு உயரத்தில எண்டு அம்மா கூட்டுற தும்புத்தடிக் காம்பால தட்டி ஓஃப் பண்ணுவா. உங்கட கொம்பனிக்கு நானும் ஒரு முறைப்பாடு போடட்டோ, அப்பவெண்டாலும் ஆள் வருமோ எண்டு கேட்டவ. போடும், நம்பர் தாறன், ஆனா அவங்களும் என்னைத்தான் அனுப்புவாங்கள் எண்டு சொன்னன். ஒரு கிழமை கதைக்காமல் இருந்தவ.

அந்தக் கோவத்தை ஆத்தத்தான் தை மாதத்தில நான் அந்த வேலையைச் செய்தனான். எங்கட வேலையில ஒரு கள்ள வழி இருக்கு பிள்ளை. அடிக்கடி இறுகி நிண்டுபோற ரவுட்டருக்கு உண்மையான காரணத்தைத் தேட அலுப்பெண்டா, ஒவ்வொரு நாளும் ஒரு நேரத்தில தானா நிண்டு திரும்ப எழும்பிற மாதிரி உள்ளுக்க ஒரு கட்டளை போட்டு விடுவம். ஒருக்கா எழும்பினா ஒரு நாளைக்கு ஓரளவுக்கு ஓடும், ஆக்களும் முறைப்பாடு போடமாட்டினம். வீட்டுக்காரர் பாவிக்காத நேரமாப் பாத்துப் போட வேணும், மற்றவை விடியப்புறம் நாலு மணிக்குப் போடுவினம். உனக்கு வேலை முடியிற நேரமெல்லாம் மாறி மாறி வரும், விடியப்புறத்திலயும் நீ எடுக்கிறனி, அதால அந்த நேரம் வேண்டாம் எண்டு நினைச்சன். அம்மா எந்த நேரம் கட்டாயம் போனைத் தொடமாட்டா எண்டு யோசிச்சன். பின்னேரம் மூண்டு மணி. கர்த்தர் சிலுவையில மூச்சு விட்ட நேரமெண்டு அம்மா மூண்டு மணிக்கு இரக்கத்தின் செபமாலை சொல்லாமல் விட்ட நாளே இல்லை, உன்னைப் பெத்து ஆசுப்பத்திரியில கிடந்த அண்டைக்கும் சொன்னவ. அந்தநேரம் போன் சுரூபத் தட்டில கிடக்கும். அதனால மூண்டு மணி எண்டு போட்டன். அம்மாவுக்குச் சொல்லேல்ல, சொன்னா பிழையைத் திருத்தாமல் ஏமாத்துறியள் எண்டு ஏசுவா. கெட்டித்தனமான வேலை எண்டுகூட நினைச்சன்.

லைனும் ஓரளவுக்கு நல்லா வந்தது. மூண்டு மணிக்கு நிக்கிறதை அம்மா கண்டுபிடிச்சிட்டா. ஆனா அவ அதைப் பிழையா எடுக்கேல்ல. இப்ப நான் மணிக்கூடு பாக்கிறதில்லை, லைன் நிண்டா செபத்துக்கு இருக்கிறன், இந்தப் பெட்டிக்கும் விசுவாசம் வந்திட்டுது எண்டு றம்லா அன்ரிக்கு வேலிக்கால சொல்லிச் சிரிச்சவவாம். எனக்கும் ஒருநாள் சொன்னவ. நான் வாயே திறக்கேல்ல. நீ எப்பவும் இரவிலயோ விடியவோதான் எடுக்கிறனி, உனக்கு இந்தக் கதை தெரிய வாய்ப்பில்லை. பிறகு மாதக்கணக்கில அது தன்ர பாட்டுக்கு நடந்தது, நானும் மறந்துபோனன். உண்மையா மறந்துபோனன், அதை மட்டும் நீ நம்ப வேணும்.

ஓகஸ்ட் நாலாம் தேதி அம்மா உன்னை அந்த நேரத்தில எடுத்ததுக்கு மடுத் திருவிழாதான் காரணம். கூடாரம் அடிக்கிற இடத்துக்குப் பேர் குடுக்க அண்டைக்குத்தான் கடைசி நாள். உன்ர விசா வந்தா உன்னையும் கூட்டிக்கொண்டு மடுவில போய் நிக்கிறதெண்டு அம்மா நேத்தி வைச்சிருந்தவ, நீ லீவு கேட்டுப் பாத்தனியோ எண்டு கேக்கத்தான் எடுத்தவ. நேத்தி வைச்சது நீங்கள், நீங்களே போங்கோ, என்னை விடுங்கோ அம்மா எண்டு நீ சொல்லியிருக்கிறாய். அதோட அம்மாவின்ர முகம் வாய் அரைவாசி திறந்தபடி அப்பிடியே நிண்டு, பிறகு கோல் போட்டுது எண்டு எனக்குச் சொன்னனி. அம்மா கட் பண்ணிப்போட்டா எண்டு நினைச்சு, உனக்கும் கோவம் வந்து, திருப்பி எடுக்காமல் வேலைக்குப் போனனி. நான் உன்ர இடத்தில நிண்டிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பன்.

எனக்கு விசயம் பிடிபட்டது அடக்கத்தண்டு, அம்மாவைக் கிடத்தியிருந்த இடத்தில. நீ வர ஏலாது எண்டபடியால லைவ் போட்டு உனக்குக் காட்டினது ஞாபகம் இருக்கும். அண்டைக்கு மட்டும் நான் ரவுட்டரை விறாந்தைக்குக் கொண்டந்து, துணியை எடுத்து, எல்லாம் திறமாச் செய்து வைச்சனான், என்னோட வேலை செய்யிற றொசாந்தன் போனைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவன். ஃபாதர் வீட்டுச் செபத்தை முடிச்சு, முகம் பாக்கிற ஆக்கள் கடைசியா ஒருக்காப் பாருங்கோ, பெட்டியை மூடப்போகினம் எண்டு சொல்லேக்க றொசாந்தன், அண்ணை லைன் போட்டுது எண்டான். செலீனா பெரியம்மா தலையில அடிச்சு, ஐயோ என்ர தங்கச்சி, பெத்த பிள்ளைக்கு உன்ர முகத்தைக் கடைசியா ஒருக்காப் பாக்கவும் குடுப்பினை இல்லையே எண்டு குளறினவ. நான் சுவர் மணிக்கூட்டைப் பாத்தன். சரியா மூண்டு மணி. அப்பதான் தை மாதம் ஞாபகம் வந்தது. எல்லாரும் அழுதுகொண்டிருக்க நான் ரவுட்டரின்ர லைட்டைப் பாத்துக்கொண்டு நிண்டன். அது எழும்பேக்க ஒரு நிமிசத்தில வைஃபை அடையாளம் வந்திடும், ஆனா உண்மையான லைன் வர நாலு நிமிசம் செல்லும். நாலு நிமிசம் கழிச்சு லைன் வந்தது, பெட்டி மூடியாச்சுது. அழாத மனுசன், இறுகிப்போனான் எண்டு சனம் கதைச்சதாம். உன்னட்ட இருந்து அம்மாவின்ர முகத்தை ரெண்டாந்தரமும் பறிச்சது நான்தான் எண்டு அந்தச் சனத்துக்குத் தெரியாது.

அடுத்த நாள் காலமை அம்மாவின்ர போனைத் திறந்து பாத்தன். ரெண்டு நாப்பத்தொண்டுக்கு உனக்கு எடுத்திருக்கிறா, மூண்டு மணிக்கு அது நிண்டிருக்கு. இதுக்குப் பிறகு இருக்கிறதை நீ ரெண்டு தரம் வாசி. மூண்டு ஒண்டுக்கு அம்மா திரும்பவும் உன்னைத்தான் எடுத்திருக்கிறா. மூண்டு ரெண்டுக்கும் உன்னைத்தான். மூண்டு மூண்டுக்கு என்னை. வைஃபை அடையாளம் வந்திட்டுது எண்டு நம்பி எடுத்திருக்கிறா, லைன் வராததால ஒண்டும் எங்களுக்கு வந்து சேரேல்ல. கோவத்தில கட் பண்ணின ஆள் அடுத்த நிமிசமே ரெண்டு தரம் திருப்பி எடுக்குமோ. அண்டைக்கு அவ செபத்துக்கும் இருக்கேல்ல, மாலை மாதாவுக்கு முன்னால கிடந்தபடி கிடந்தது. அதுக்குள்ள நெஞ்சு நோகத் தொடங்கியிருக்க வேணும், அதாலதான் என்னையும் தேடியிருக்கிறா. ஒருத்தரும் கிடைக்கேல்ல எண்டோன சிக்னல் பிடிக்கப் படலைக்கு நடந்திருக்கிறா. மூண்டு பத்துக்கு றம்லா அன்ரி கண்டவ, போன் கையிலதான் இருந்ததாம். பெரிய அடைப்பு, பத்து நிமிசம் முந்திக் கொண்டந்திருந்தாலும் ஒண்டும் சொல்ல ஏலாது எண்டு டொக்டர் சொன்னவர். அது எனக்கு ஆறுதல் எண்டு அவர் நினைச்சிருப்பார். சொல்ல ஏலாது எண்டா தப்பியிருக்கவும் கூடும் எண்டுதான் எனக்குக் கேட்டது.

இவ்வளவும் தெரிஞ்சுகொண்டு ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தனான். பிள்ளை சொன்ன மறுமொழியிலதான் என்ர தங்கச்சி பிரேமிளாவுக்கு நெஞ்சு வெடிச்சது எண்டு செலீனா பெரியம்மா செத்தவீட்டில சொன்னவ, எட்டாம் நாள் சொன்னவ, முப்பத்தோராம் நாள் சாப்பாட்டில எல்லாருக்கும் முன்னால சொன்னவ. நான் சோத்துத் தட்டோட அதில நிண்டன். இல்லை எண்டு சொல்ல ஒரு சொல்லுத்தான் தேவை, அந்தச் சொல்லு வரேல்ல. தாயும் போய் நீயும் என்னை வெறுத்திட்டா இந்த வீட்டில எனக்கு ஆர் எண்டு நினைச்சன், வேற ஒரு நியாயமும் இல்லை. என்னைக் காப்பாத்திக்கொள்ள உன்ர தலையில பழியை விட்டுவைச்சனான். பிறகு வியாழன் நீ எடுத்து, இங்க வேலையில வயசுபோன மனுசியளுக்குச் சாப்பாடு தீத்தேக்க அவையின்ர வாயைப் பாக்கப் பயமாயிருக்கு அப்பா, அம்மாவின்ர வாய்தான் தெரியுது, எனக்கு ஏசத்தான் வாய் திறந்தவ எண்டு சொல்லி அழுதனி, வேலையை விட்டிட்டு வரட்டோ எண்டும் கேட்டனி. அதுக்கும் நான் தெரியேல்ல பிள்ளை எண்டு சொன்னன். கோலை வைச்சுப்போட்டு எனக்கே என்னைப் பாக்க அருவருப்பாயிருந்தது.

வெள்ளிக்கிழமை லீவு போட்டு ரவுட்டரைக் கழட்டினன். பிழை அடப்டரில. அதின்ர முனை உப்புக்காத்துக்குப் பச்சையாப் பூத்துப்போய்க் கிடந்தது, உள்ளுக்குப் போற கரண்ட் குறைஞ்சு குறைஞ்சு பெட்டி இறுகியிருக்கு. என்ர பையிலயே புது அடப்டர் அஞ்சாறு கிடக்கு. மாத்த பத்து நிமிசம் போகேல்ல. மூண்டு மணிக் கட்டளையையும் அழிச்சன். நேற்றிலிருந்து ஒருக்காக் கூட லைன் நிக்கேல்ல. பாவிக்கத்தான் ஆள் இல்லை.

பிறகு செலீனா பெரியம்மா வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னனான். அவ என்ர கையைப் பிடிச்சு, பிள்ளையைக் காப்பாத்த நீர் பழியை உம்மட தலையில போடுறீர், நல்ல தேப்பன் தம்பி நீர் எண்டு கண் கலங்கினவ. மெசினைப் பற்றி அவவுக்கு விளங்கப்படுத்தப் பாத்தன், சாப்பிட்டிட்டுப் போம் எண்டு தட்டை வைச்சவ. குற்றத்தைச் சொன்னாலும் ஏற்க ஆள் இல்லை பிள்ளை, இப்பிடியும் ஒரு தண்டனை. நீயும் அப்பிடி நினைச்சுப் போடக்கூடாது எண்டுதான் இதோட ரெண்டு படம் பிறின்ற் எடுத்து வைக்கிறன். ஒண்டு அம்மாவின்ர போனில அந்த நாலு கோலும் இருக்கிற பக்கம். மற்றது நான் அழிக்க முதல் எடுத்த ரவுட்டரின்ர பக்கம், அதில 15:00 எண்டு இருக்கும். அதைப் போட்டது நான். பெரியம்மா உன்னோட கதைச்சா முதலாவது படத்தை அனுப்பு.

அந்த வாய் உனக்கு ஏச வெளிக்கிட்டதோ இல்லையோ எனக்குத் தெரியாது, இது உண்மையாத் தெரியாது. ஆனா ஏசி முடிக்கவெண்டாலும் உன்னைத்தான் தேடினவ, ரெண்டு தரம். என்னை அதுக்குப் பிறகுதான். வேலையை விடாத, அந்த மனுசியளுக்குச் சாப்பாடு தீத்து, அவை வாய் திறக்கிறது பசிக்கு. சோதினைக்குப் படி. வேளைக்குச் சாப்பிடு, நூடில்ஸோட நிக்காத. உன்ர போனில வைஃபை அடையாளம் இருந்தும் கோல் போகாட்டி வைஃபையை ஓஃப் பண்ணிப்போட்டு டேட்டாவில எடு, அடையாளத்தை நம்பிக்கொண்டு நிக்காத. இதை அம்மாவுக்கு நான் ஒருநாளும் சொல்லிக்குடுக்கேல்ல. அம்மாவின்ர நேத்தி அப்பிடியே கிடக்கட்டும், நீ எப்ப வாறியோ அப்ப போவம், என்னோட வர மனமில்லையெண்டா றம்லா அன்ரியை நவ்ஷாத்தின்ர ஓட்டோவில மடு வாசல் வரைக்கும் துணைக்கு அனுப்பிறன். மடு மாதா உனக்கு முன்னாலயும் பின்னாலயும் நடக்கட்டும், அம்மாவின்ர ஆசீர் உன்னை விட்டுப் போகாது, என்ர ஆசீரும் வேணுமெண்டா வைச்சுக்கொள்.

ஒண்டு மறக்காத. இதை வாசிச்சு முடிச்சோன றம்லா அன்ரியின்ர நம்பருக்கு வாசிச்சன் எண்டு ஒரு சொல்லு போடு. ஏசுறதெண்டாலும் ஏசு. அப்பா சாப்பிட்டார், வேலைக்குப் போனார் எண்டு ஒவ்வொரு நாளும் உனக்கு மெசேச் போடச் சொல்லி அவவிட்டச் சொல்லியிருக்கிறன், வேலைக்குக் கொம்பனிப் போன் வேற இருக்கு, அதால நீ பயப்பிடத் தேவையில்லை. உன்ர குரலைக் கேட்டா என்ர வாய் பழையபடி தெரியேல்ல பிள்ளை எண்டுதான் சொல்லும், கடிதம் உன்ர கைக்கு வர முதல் அது நடக்கக் கூடாது. இவ்வளவு நாளும் நீ எடுத்து எடுத்துப் பாத்தும் வராததுக்கு லைனில ஒரு பிழையும் இல்லை. இந்த முறை நான் தெரிஞ்சுகொண்டே செய்தனான் மகள், போனை ஓஃப் பண்ணி வைச்சிருக்கிறன்.

உன்ர அப்பா,
அமல்ராஜ்